விழாத மூன்றாம் கியர்

நாலாவது சனிக்கிழமையும் காலை ஒன்பதரைக்கு அந்த மோட்டார் சைக்கிளின் சத்தம் டூட்டிங்கில் வீட்டின் பின்பக்கத்து ஒழுங்கையில் வந்து நின்றது. கராஜுக்குள் கூரியர்காரன் ஒருவனின் பைக்குக்குச் செயின் மாற்றிக்கொண்டிருந்த கணேசலிங்கத்துக்கு, நிமிர்ந்து பார்க்காமலே ஆளைத் தெரிந்துவிட்டது. ஸ்பானரைத் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடித்தான்.

போன சனிக்கிழமை வரைக்கும் குலசேகரம் அவனுக்கு ஒரு வாடிக்கையாளன் மட்டும்தான். ஹவுன்ஸ்லோவில் அறை எடுத்துக்கொண்டு, விமான நிலையச் சரக்குப் பகுதியில் ஷிப்ட் வேலை செய்கிற யாழ்ப்பாணத்து ஆள். ஜெர்மனியில் ஒரு கிடங்கில் மரப்பெட்டி சரிந்து விழுந்ததில் இடது முழங்கால் நொறுங்கிப் போனது. இப்போது அது மடங்காது. கணுக்காலும் அரைவாசிதான் அசையும்.

மடங்காத காலோடு மோட்டார் சைக்கிள் ஓட வேண்டுமென்றால் காலை முன்னுக்கு நீட்டி வைக்க வேண்டும். அதற்காக, கால்மிதியையும் கியர் லிவரையும் பிறேக்கையும் எஞ்சினுக்கு முன்னால் தள்ளிப் பூட்டுகிற ஒரு செட்டைத் தபாலில் எடுப்பித்துக்கொண்டு வந்திருந்தான். முதல் சனிக்கிழமையே கணேசலிங்கம் அதை ஒரே நாளில் பூட்டிக் கொடுத்தான். நல்ல வேலை என்றுதான் நினைத்திருந்தான்.

புதன்கிழமை மச்சாள் தவமலரின் டெலிபோன் வந்தது. மனைவி தவநாயகியின் தங்கை, அவளும் ஹவுன்ஸ்லோவில்தான் இருக்கிறாள். தன் மகனின் பிறந்தநாளைப் பற்றிக் கதைத்துவிட்டு, போனை வைக்கப் போகிற நேரத்தில் கேட்டாள்:

"அத்தான், உங்களிட்டை பைக் திருத்த வாற குலசேகரம் ஆரெண்டு தெரியுமோ? அக்காவுக்கு முதல் பேசி, நாள் வைக்கிற அளவுக்கு வந்த மாப்பிள்ளை. அக்கா சொல்லேல்லையோ?"

அக்கா சொல்லவில்லை. கலியாணம் கட்டிய பதினொரு வருஷத்திலும் சொல்லவில்லை. அந்த மனிதன் வாசலில் வந்து நின்ற இந்த நாலு கிழமைக்குள்ளும் சொல்லவில்லை.

கணேசலிங்கமும் கேட்கவில்லை. மூன்று நாளாக அந்தக் கேள்வியை வாய்க்குள் அடக்கிக்கொண்டே சாப்பிட்டான், வேலை செய்தான், படுத்தான்.

"அண்ணை, திரும்பவும் அதே பிழைதான்."

குலசேகரம் இடது காலைத் தடி போல ஊன்றி, வலது காலைச் சுழற்றி இறங்கினான். நாற்பது வயதுக்குத் தலைமயிர் கொட்டாமல் நெற்றியில் வந்து விழுந்தது. அதையும் கணேசலிங்கம் இன்றைக்குத்தான் கவனித்தான்.

"என்ன பிழை?"

"ரெண்டிலை இருந்து மூண்டுக்குப் போகேக்கை நடுவிலை நிண்டிடுது. எஞ்சின் கத்துது, சில்லு இழுக்கேல்லை. வியாழக்கிழமை கிரேட் வெஸ்ட் ரோட்டிலை பின்னாலை வந்த லொறிக்காரன் மயிரிழையிலை விலத்தினவன்."

"போன கிழமையும் இதைத்தானே சொன்னனீங்கள். நான் ஓடிப் பாத்தனான். ஒண்டும் இல்லை."

"எனக்கு நடக்குது, அண்ணை."

கணேசலிங்கம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தான். டூட்டிங் பெக் புல்வெளியைச் சுற்றி இரண்டு தரம் ஓடினான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஒவ்வொரு கியரும் 'டக்' என்று தன் இடத்தில் போய் விழுந்தது. இறக்கினான், ஏற்றினான், வேண்டுமென்றே அவசரப்படுத்தினான். ஒரு தரமாவது நடுவில் நிற்கட்டும் என்று ஆசைப்பட்டே ஓடினான். நிற்கவில்லை.

பிழையில்லாத பைக்கை ஒரு மனிதன் எதற்குக் கிழமைக்குக் கிழமை கொண்டுவருகிறான்? அதுவும் சனிக்கிழமை பார்த்து? தவநாயகி ஸ்ட்ரெதம் ஹை ரோட்டில் உடுப்புச் சலவைக் கடையில் வேலை செய்கிறாள். சனியும் ஞாயிறும்தான் அவளுக்கு லீவு. பிள்ளைகள் இரண்டு பேரும் சனி காலையில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார்கள்.

திரும்பி வந்தபோது கராஜ் வெறுமையாக இருந்தது. குசினிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

தவநாயகியின் சிரிப்பு. கையால் வாயைப் பொத்திச் சிரிக்கிற அந்த விருந்தாளிச் சிரிப்பு இல்லை. தொண்டை திறந்த சிரிப்பு. அதைக் கடைசியாக எப்போது கேட்டோம் என்று கணேசலிங்கம் நினைத்துப் பார்த்தான். பின்கதவை அவன் எட்டுவதற்குள் அது நின்றுவிட்டது.

உள்ளே போனான். கனடாவிலிருந்து ஆட்கள் வந்தால் மட்டும் அலுமாரியை விட்டு இறங்குகிற நீலக்கரைக் கோப்பையில் தேத்தண்ணி. கணேசலிங்கம் எப்போதும் இருந்து சாப்பிடுகிற கதிரையில் குலசேகரத்தின் மடங்காத கால் நீட்டப்பட்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு குஷன். அந்தக் குஷனை வைத்தது யார் என்று கேட்கத் தேவையில்லை.

இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் இருந்தார்கள். அந்த மௌனம்தான் அவனைச் சுட்டது.

"பைக்கிலை ஒரு பிழையும் இல்லை," என்றான் கணேசலிங்கம். "பிழை உங்கடை காலிலைதான்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே கேட்டது.

குலசேகரம் கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தான். இரண்டு கையாலும் காலைத் தூக்கி இறக்கி, எழுந்து நின்றான்.

"இருக்கலாம், அண்ணை. ரெண்டு மணிக்கு எனக்கு வேலை. பைக் இஞ்சை நிக்கட்டும், நான் ட்ரெயினிலை போறன். திங்கக்கிழமை வேறை ஆரிட்டையும் காட்டுறன்."

தவநாயகியின் பக்கம் ஒரு தரம் தலையசைத்தான். ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு பக்கம் சரிந்து சரிந்து தெருவில் நடந்து போனான்.

கதவு சாத்தும்வரை பொறுத்திருந்த தவநாயகி திரும்பினாள்.

"உதென்ன கதை கதைச்சனீங்கள்? காலேலாத மனிசனைப் பாத்து?"

"அவர் ஆரெண்டு எனக்குத் தெரியும்."

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அது அவனுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"தெரிஞ்சால் என்னைக் கேட்டிருக்கலாமே. அதை விட்டிட்டு அந்தாளின்ரை காலையே இழுக்கிறது?"

"பிழையில்லாத பைக்கைப் பிழை பிழை எண்டு கொண்டு வாறார். ஏனெண்டு எனக்கு விளங்காதோ?"

"நீங்கள் ரெண்டு நல்ல காலோடை ஓடிப்போட்டுப் பிழையில்லை எண்டுறியள். அவர் ஓடேக்கை ஒருக்காலாவது பாத்தனீங்களோ? கியரை ஏத்தேக்கை காலைத் தூக்க ஏலாமல் இடுப்பையெல்லோ தூக்குறார். சப்பாத்து நுனி லிவருக்குக் கீழை போய்ப் போய் வழுக்குது."

"அது உமக்கு எப்பிடித் தெரியும்?"

"யன்னலாலை பாத்தனான்."

அவள் ஒளிக்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் குலசேகரம் போகும்போது குசினி யன்னலில் நின்று பார்த்திருக்கிறாள். காலைப் பார்த்திருக்கிறாள், இடுப்பைப் பார்த்திருக்கிறாள், சப்பாத்தின் நுனியைக்கூடப் பார்த்திருக்கிறாள். பதினொரு வருஷத்தில் தான் பைக் ஓடுவதை இவள் ஒரு நாளாவது இப்படிப் பார்த்திருப்பாளா? கணேசலிங்கம் கராஜுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அரை மணித்தியாலம் அந்தப் பைக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, பெட்டியொன்றில் கழன்ற பலகைச் சட்டம் ஒன்றை எடுத்தான். இடது காலின் பின்பக்கம் துடையிலிருந்து குதி வரைக்கும் அதை வைத்து, பழைய ரியூப்பை வெட்டி நாலு இடத்தில் இறுக்கிக் கட்டினான். கணுக்காலிலும் ஒரு சுற்றுச் சுற்றினான். அவள் சொன்னது பொய் என்று காட்டத்தான் இதைச் செய்கிறோம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான்.

ஏறி இருக்கவே ஐந்து நிமிஷம் எடுத்தது. ஒழுங்கையால் வெளிக்கிட்டு அப்பர் டூட்டிங் ரோட்டில் சேர்ந்தான். முதலாம் கியருக்கு லிவரை மிதித்தால் போதும், அது சுகம். இரண்டுக்கு லிவரைக் கீழிருந்து மேலே தூக்க வேண்டும். தூக்கினான், எப்படியோ விழுந்தது. மூன்றுக்குத் தூக்கியபோது கால் அசையவில்லை. இடுப்பைச் சரித்து முழுக் காலையும் உயர்த்தினான். சப்பாத்து நுனி லிவரைப் பாதித் தூரம் தூக்கிவிட்டு வழுக்கியது.

எஞ்சின் அலறியது. பைக் இழுக்கவில்லை. இரண்டிலும் இல்லை, மூன்றிலும் இல்லை. பின்னால் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. காலால் லிவரைத் தேடினான், கால் கட்டுக்குள் கிடந்தது. கண்ணாடியில் பஸ்ஸின் சிவப்பு முழுவதுமாக நிரம்பியபோது, பைக்கை உருண்ட வேகத்திலேயே நடைபாதை ஓரத்துக்குத் திருப்பினான். பஸ் உரசிக்கொண்டு போனது. மரக்கறிக் கடை வாசலில் நின்ற மனிசி ஒருத்தி "ஐயோ" என்று கத்தினாள்.

குலசேகரம் பொய் சொல்லவில்லை. மூன்று கிழமையாக அந்த மனிதன் இப்படித்தான் ஹவுன்ஸ்லோவுக்கும் டூட்டிங்குக்கும் ஓடியிருக்கிறான்.

கட்டை அவிழ்த்துவிட்டுத் திரும்பி வந்தான். பைக்கின் பக்கத்தில் நிலத்தில் குந்தியிருந்து, முதல் நாளே பார்த்திருக்க வேண்டியதை இப்போது பார்த்தான்.

முன்னால் இருக்கிற லிவரையும் எஞ்சினுக்குப் பக்கத்தில் கியர்ப்பெட்டியிலிருந்து வருகிற கையையும் ஒரு நீளக் கம்பி இணைக்கிறது. கம்பியும் அந்தக் கையும் மூலைமட்டத்துக்கு, தொண்ணூறு பாகையில், நிற்க வேண்டும். அவன் பூட்டியது சரிந்து நின்றது. அதனால் கால் கொடுக்கிற தள்ளலில் அரைவாசி வீணாகப் போனது. கம்பி நுனி மூட்டு ஒன்றும் புதிதிலேயே ஆடியது. நல்ல கணுக்கால் உள்ளவன் அதையெல்லாம் மீறித் தூக்கிவிடுவான். கால்மிதியையும் தன்னுடைய கால் நீளத்துக்கு வைத்து, முன் துளையில் பூட்டியிருந்தான். ஓடப் போகிறவனை ஒரு நாளும் இருத்தி அளவு பார்க்கவில்லை.

வேலை தொடங்கினான். குசினிக் கதிரையில் நீண்டு கிடந்த அந்தக் காலை நினைவில் வைத்து, கால்மிதியை இரண்டு அங்குலம் பின்னுக்கு எடுத்தான். அதற்கேற்பக் கம்பியை அரிந்து குறைத்துப் புதிதாகப் புரி வெட்டினான். கியர்ப்பெட்டித் தண்டிலிருந்து கையைக் கழற்றி, தண்டின் பற்களில் ஒரு பல் தள்ளித் திரும்பப் போட்டான். இப்போது மூலைமட்டத்துக்கு வந்தது. ஆடின மூட்டை எறிந்துவிட்டு வேறொன்று போட்டான். பிறகு ஒரு பழைய லிவரை வெட்டி, லிவரின் பின்பக்கம் குதிக்கு ஒரு மிதி வருமாறு வெல்டிங் பண்ணினான். இனி, கியரை மேலே ஏற்ற விரல் நுனியால் தூக்கத் தேவையில்லை, குதியால் மிதித்தால் போதும்.

பின்சில்லு நிலத்தில் படாமல் பைக்கை ஸ்ராண்டில் ஏற்றினான். சில்லு சுழன்றால்தான் கியர் ஒழுங்காக விழும். ஒருவர் சுழற்ற வேண்டும், ஒருவர் மிதிக்க வேண்டும். பிறகு கதவைத் திறந்து கூப்பிட்டான்.

"இஞ்சை ஒருக்கா வாரும்."

தவநாயகி வந்தாள். அவிழ்த்துப் போட்டிருந்த பலகையையும் ரியூப்பையும் பார்த்தாள். குந்தியிருந்து சில்லைப் பிடித்தாள்.

"மெதுவாச் சுத்தும். விரலைச் சில்லுக் கம்பிக்குள்ளை விடாதையும்."

சில்லு சுழன்றது. அவன் முன்னங்காலால் ஒரு தரம், பிறகு குதியால் மிதித்தான்.

"ஒண்டு... ரெண்டு..." என்று தவநாயகி எண்ணினாள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று அவளைப் பார்க்காமல் கேட்டான்.

"என்னத்தைச் சொல்லுறது? என்னை வேண்டாமெண்டு ஒருத்தன் கடிதம் எழுதினவன் எண்டோ? அதைப் புதுசாக் கட்டின புருஷனிட்டை ஆர் சொல்லுவினம்?"

"கடிதமோ?"

"எண்பதாம் ஆண்டு. நாள் வைக்கப் பத்து நாள் கிடக்கேக்கை. தவமலர்தான் தபால்காரனிட்டை வாங்கிக்கொண்டு ஓடி வந்தவள். ரெண்டே ரெண்டு வரி. 'எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம், மன்னிக்கவும்.' காரணம் இல்லை. ஊர் முழுக்க என்னிலைதான் ஏதோ குறை எண்டு கதைச்சுது. அம்மா ஒரு மாசம் கோயிலுக்குப் போகேல்லை."

சில்லு நின்றுவிட்டது. அவள் திரும்பவும் சுழற்றினாள்.

"இண்டைக்கு ஏன் சிரிச்சனீர்?"

"ஜெர்மனியிலை பனிக்கட்டியிலை வழுக்கி, பிடிக்கிறதுக்குப் பக்கத்திலை நிண்ட பொலிசுக்காரனின்ரை பெல்ட்டைப் பிடிச்சு, ரெண்டு பேரும் விழுந்த கதை சொன்னவர். சிரிச்சனான். அந்தச் சிரிப்போடையே கேட்டிட்டன், ஏன் என்னை வேண்டாமெண்டு எழுதினனீங்கள் எண்டு. அவர் அப்பிடியே பேயறைஞ்ச மாதிரி இருந்தார். வாய் திறக்க முதல் நீங்கள் வந்திட்டியள்."

கணேசலிங்கம் மிதித்தான். 'டக்' என்றது.

"மூண்டு," என்றாள் தவநாயகி.

பத்துத் தரம் ஏற்றி இறக்கினார்கள். ஒரு தரமும் நடுவில் நிற்கவில்லை. அவள் எழுந்து கையைத் துணியில் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "கொண்டுபோய்க் குடுங்கோ. திங்கக்கிழமை வரைக்கும் வைச்சிருக்காதையுங்கோ."

*

ஐந்து மணிக்குச் சரக்குப் பகுதிக் கேற்றுக்கு வெளியே, வேலையாட்களின் கார்கள் நிற்கிற இடத்தில் கணேசலிங்கம் பைக்கோடு காத்து நின்றான். குலசேகரம் இடைவேளைக்கு வெளியே வந்தான். தலைக்கு மேலே விமானம் ஒன்று சில்லை நீட்டிக்கொண்டு இறங்கியது. அதன் சத்தம் அடங்கும்வரை இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பிழை பைக்கிலைதான் இருந்தது," என்றான் கணேசலிங்கம். "பூட்டினதும் என்ரை பிழை. காலமை கதைச்சது அதைவிடப் பெரிய பிழை. ஒருக்கா ஓடிப் பாருங்கோ."

குலசேகரம் ஏறி இருந்தான். கால் போய்க் கால்மிதியில் ஒழுங்காக இருந்தது. குதிக்கு வைத்த மிதியைக் குனிந்து பார்த்தான், சப்பாத்தால் தட்டிப் பார்த்தான். கார் வரிசைகளைச் சுற்றி ஒரு வட்டம். இரண்டு. மூன்றாம் வட்டத்தில் கியர் மூன்றுக்கு மாறுகிற சத்தம் கணேசலிங்கத்துக்குத் தெளிவாகக் கேட்டது. இடுப்பு அசையவில்லை.

திரும்பி வந்து இறங்கியபோது அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்கக் கணேசலிங்கத்துக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

"அண்ணை, தவநாயகி காலமை ஒரு கேள்வி கேட்டவ. நான் பதில் சொல்லேல்லை."

"சொன்னவ. நீங்கள் கடிதம் எழுதி நிப்பாட்டினதெண்டு."

"நான் கடிதம் எழுதேல்லை."

இன்னொரு விமானம் வந்தது. குலசேகரம் அது போகும்வரை பொறுத்திருந்தான்.

"எனக்குத்தான் கடிதம் வந்தது. 'எனக்கு உங்களைக் கட்ட விருப்பமில்லை, வீட்டிலை சொல்லப் பயமாயிருக்கு, நீங்களே ஏதும் சாட்டுச் சொல்லி விலத்துங்கோ' எண்டு. கீழை தவநாயகி எண்டு பேர். விருப்பமில்லாத பிள்ளையைக் கட்டி என்ன செய்யிறது? ஜெர்மனிக்குப் போறன், இப்ப கலியாணம் வேண்டாம் எண்டு அம்மாவுக்குச் சொல்லிப்போட்டு ஏறினன். இண்டைக்குக் காலமை அவ கேக்கேக்கைதான் தெரியும், அவவுக்கும் ஒண்டு போயிருக்கெண்டு."

கணேசலிங்கம் கேட்டான்: "உங்களுக்கு அந்தக் கடிதத்தை ஆர் கொண்டு வந்தது?"

"தங்கச்சிதான். தவமலர். பஸ் ஸ்ராண்டிலை, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடை வந்து, அக்கா தரச்சொன்னவ எண்டு கையிலை வைச்சிட்டு ஓடினவள்."

இரண்டு கடிதம். இரண்டும் ஒரே கையால் வந்தவை. கணேசலிங்கம் தனக்குள் அதை ஒரு தரம் சொல்லிப் பார்த்தான். புதன்கிழமை டெலிபோனில் கேட்ட அந்தக் குரல் திரும்ப ஞாபகம் வந்தது. குலசேகரம் யாரென்று அவளாகவே எடுத்துச் சொன்னது ஏன்? அவனும் அக்காவும் கதைத்தால் கடிதங்கள் வெளிவந்துவிடும், அதற்கு முதல் அவனை வீட்டுப் பக்கம் வராமல் பண்ணிவிடலாம் என்றோ?

"அண்ணை," என்றான் குலசேகரம், "நான் இனி உங்கடை வீட்டை வரமாட்டன். வந்தால் உங்களுக்கு நல்லாயிராது எண்டு எனக்கு விளங்குது. ஆனால் ஒண்டு மட்டும் அவவுக்குச் சொல்லிவிடுங்கோ. நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. அவ்வளவுதான்."

இடைவேளை முடிந்த மணி அடித்தது. அவன் போய்விட்டான்.

ட்ரெயினில் ஹவுன்ஸ்லோவிலிருந்து ஏர்ல்ஸ் கோர்ட் வரைக்கும் கணேசலிங்கம் நின்றுகொண்டே வந்தான், இருக்க இடம் இருந்தும். சொன்னால் தவநாயகிக்கு என்ன நடக்கும்? பன்னிரண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்த அவமானம் ஒரு நிமிஷத்தில் இறங்கிவிடும். தன்னில் குறையில்லை, தன்னை ஒருத்தன் விரும்பித்தான் இருந்தான் என்று தெரியும். தெரிந்த பிறகு அவள் குசினி யன்னலில் நின்று யாரை நினைப்பாள்?

இன்னொன்றும் தோன்றியது. அந்தப் பொய்க் கடிதங்கள் இல்லாவிட்டால் அவன் யாழ்ப்பாணம் போய்ப் பெண் பார்த்திருக்க மாட்டான். தவநாயகி இல்லை, பிள்ளைகள் இல்லை, டூட்டிங் வீடு இல்லை. தவமலரின் களவில்தான் அவனுடைய குடும்பமே தொடங்கியிருக்கிறது. இந்த மூன்று நாளும் குலசேகரத்தைப் பார்த்து எரிந்தது ஒரு சந்தேகத்தின்மேல். இப்போது எரிவதற்குக் காரணம் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது பிள்ளைகள் ரீவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். தவநாயகி புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டு வைத்தாள். அவன் கைகழுவிவிட்டு இருந்தான்.

"மூண்டு விழுந்ததோ?"

"ஓம். நல்லா ஓடினவர்."

"சந்தோஷப்பட்டவரோ?"

"ஓம்."

அவள் குழம்பை விட்டாள். அகப்பையைச் சட்டிக்குள் வைத்துவிட்டு, மெல்லக் கேட்டாள்: "நான் கேட்டதுக்கு ஏதும் சொன்னவரோ?"

சொல்ல வேண்டிய வசனம் நாக்கு நுனியில் நின்றது. மூன்றே சொல். அவள் முகத்தைப் பார்த்தான். கல்யாண நாளில்கூட இவ்வளவு ஆவலோடு தன்னை அவள் பார்த்ததாக அவனுக்கு ஞாபகம் இல்லை.

"இல்லை," என்றான். "ஒண்டும் சொல்லேல்லை."

தவநாயகி தலையாட்டினாள். சட்டியை மூடினாள். தண்ணிக் கிளாஸை அவன் பக்கம் தள்ளி வைத்தாள்.

"அப்ப நாளைக்குத் தவமலர் வீட்டை ஒருக்காப் போவம்," என்றாள். "அந்தக் கடிதத்தைத் தபால்காரனிட்டை வாங்கினவள் அவள்தானே. அவளுக்கு ஏதும் தெரிஞ்சிருக்கும்."

"நாளைக்கு எனக்கு வேலை கிடக்கு."

"நீங்கள் வரத் தேவையில்லை. நான் இப்பவே போன் எடுத்துச் சொல்லுறன்."

அவள் எழுந்து ஹோலுக்குப் போனாள். கணேசலிங்கம் கை புட்டுக்குள் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். இலக்கங்கள் ஒவ்வொன்றாக அழுத்தப்பட்டன. கொஞ்ச நேரம் மறுபக்கம் மணி அடித்திருக்க வேண்டும்.

"தவமலரோ? நான் அக்கா கதைக்கிறன்..."